மறுநாள் மதியம் வரை

பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கூடாரம் சார் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. மலை, காடு, ஓடை என்று மாணவர்களை இழுத்துக்கொண்டு அலைந்து, வாழ்நாளில் பாதியைத் தார்ப்பாய்க்கு அடியில் கழித்த மனிதர். அப்படிப்பட்டவர் அன்றைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்த கட்டோடு, ஊழியர் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொண்டு தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலையில் அவர் மனைவி இருந்தார்.

நடந்திருக்கவே கூடாத காரியம் இது என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மாணவிகள் மலைக்குப் போனால் பெண் ஊழியர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது விதி. வருவதாக ஒப்புக்கொண்டிருந்த வேதியியல் ஆசிரியைக்கு, கிளம்புவதற்கு முந்தைய நாள் பார்த்துக் காய்ச்சல் கண்டுவிட்டது. முகாமை ரத்து செய்ய வேண்டியதுதான் என்று இவர் சலித்துக்கொண்டபோது, அடுப்படியிலிருந்து மனைவி தான் போவதாகச் சொன்னார். பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்கும் வேலை அவருக்கு. மாணவர்கள் நூலகத்தம்மா என்பார்கள். கூடாரம் சார் சிரித்தார். நூலகத்தம்மா சிரிக்கவில்லை. குளியலறையில் பல்லியைக் கண்டாலே கூப்பாடு போடுகிறவளாயிற்றே, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது புருஷனா தபால்காரனா என்றே தெரியாதே என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. மறுநாள் விடியும்போது, இவருடைய மழைச்சட்டையையே கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் வண்டியேறிவிட்டார்.

முகாமை நடத்திப் போனவன் உதவிப் பயிற்சியாளன். நடை அத்தனை மெதுவாக இருக்கும் என்பதால் அவனுக்கு மின்னல் என்று பெயர். மாணவனாக வந்து, இவரிடமே கற்றுக்கொண்டு, இவரிடமே வேலைக்குச் சேர்ந்தவன். அவனைப் போல நிதானமான ஆள் கிடைக்கவே மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் இவரேதான். இன்றைக்கு மட்டும் அந்த நிதானத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அது நிதானமா, அல்லது வெறும் மந்தமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

மலையில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. முகாமின் கடைசி நாளன்று மதியச் சாப்பாட்டு வேளைக்குள் எல்லாரும் அடிவாரத்து வனச்சாவடிக்கு வந்து சேர்ந்து, அங்கிருக்கும் தொலைபேசியில் இந்த வீட்டுக்குக் கூப்பிட்டு "இறங்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். சாப்பாட்டு வேளை வந்தது, போனது. துணைக்கு வந்திருந்த மச்சினன் கொண்டுவந்து வைத்த தட்டு வைத்தபடியே ஆறிக்கொண்டிருந்தது.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல, அவர் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். வாலிபால் பயிற்சியாளராகத்தான் சேர்ந்தார். சேர்ந்த கையோடு, கலையரங்கம் கட்டப்போகிறோம் என்று மைதானத்தைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். குளம் இல்லாத ஊரில் நீச்சல் வாத்தியாரைப் போல ஆனது அவர் பிழைப்பு. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கக் கூச்சப்பட்டு, ஒரு சனிக்கிழமை வாலிபால் பையன்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். கூடாரம் என்று எடுத்துப் போனது ஒரு லாரித் தார்ப்பாய். எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள், பாதிப் பேருக்குச் சளி பிடித்தது, அடுத்த வாரம் நாங்களும் வருகிறோம் என்று இன்னொரு கூட்டம் வந்து நின்றது. வேறு மைதானம் தயாராகும்வரை எதையாவது செய்து தொலைக்கட்டும் என்று அப்போதைய துணைவேந்தர் கண்டும் காணாமல் விட்டார். மைதானம் தயாரானது. மலைக்குப் போவது நின்றபாடில்லை.

அப்புறம் பழைய சைக்கிள் ஷெட்டைக் கொடுத்தார்கள். அதற்குள் கயிறுகளும் ஸ்டவ்களும் முதுகுப்பைகளும் சேர்ந்தன. எப்போது திறந்தாலும் மண்ணெண்ணெயும் ஈரத் துணியும் கலந்த ஒரு வாடை அடிக்கும். ஒருநாள் ஒரு மாணவி ஷெட் வாசலில் வந்து நின்று, பெண்களுக்கு மலை ஒத்துக்கொள்ளாதா சார் என்று கேட்டாள். பதில் தெரியாததால் அவளையும் கூட்டிப்போனார். பிறகு அது விருப்பப்பாடம் ஆனது, அதற்கு மதிப்பெண் வந்தது, வெளிப்புறக் கல்வித் திட்டம் என்று பலகை மாட்டினார்கள். பலகையை யாரும் படிக்கவில்லை. எல்லாருக்கும் அது கூடாரம்தான்.

எல்லாம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு, ஷெட்டுக்கு ஒரு தொலைபேசி கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. பெற்றோர்களுக்கு வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டார். அப்போது கல்யாணமான புதிது. யாராவது கூப்பிட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மலையேறினார். நாலு நாளைக்கான ஏற்பாடு என்று இருவரும் நினைத்தார்கள். அது இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. ஷெட்டுக்குத் தொலைபேசி வந்த பிறகும், அனைவர் கையிலும் கைபேசி வந்த பிறகும், பெற்றோர்கள் இந்த வீட்டு எண்ணைத்தான் சுழற்றினார்கள். முகாம் நடக்கிற நாளெல்லாம் நூலகத்தம்மா விடுப்புப் போட்டுவிட்டு இந்த நாற்காலியில் இருப்பார். அவர் என்ன பேசுவார், கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று கூடாரம் சார் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், திரும்பி வரும்போது வீடு வீடாக இருக்கும், வெந்நீர் காய்ந்திருக்கும் என்பதுதான்.

விதி ஒன்று இருந்தது. அது அவர் போட்டது. ஆரம்ப காலத்தில் ஒருமுறை குழு இறங்கத் தாமதமானபோது, விடுதிக் காப்பாளர் பதறிப்போய் இருட்டில் ஆட்களைத் தேட அனுப்பிவிட்டார். தேடப் போன வனக்காவலர் ஒருவர் பள்ளத்தில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட மாணவர்களோ, மேலே இடையர்கள் விட்டுப்போன கல் கொட்டகையில் படுத்துக்கொண்டு பேய்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காவலர் அதற்கப்புறம் கோல் இல்லாமல் நடக்கவில்லை. அன்றைக்குக் கூடாரம் சார் முடிவு செய்தார்: இறங்கியாச்சு என்று அழைப்பு வராவிட்டால், வழியில் எங்கேயோ பத்திரமாகத் தங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுநாள் மதியம் வரை யாரையும் அனுப்பக் கூடாது. ஓடை பெருகினால் இறங்கக் கூடாது, கல் கொட்டகைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவனுக்கும் காது புளிக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த விதியால் அதற்குப் பிறகு ஒருவர் எலும்பும் முறியவில்லை.

போன வருஷம்தான் சனியன் பிடித்தது. ஒரு மாணவனின் அப்பா, பெரிய இடத்து மனிதர், மகன் வரச் சற்றுத் தாமதமானதும் தீயணைப்பு நிலையத்துக்கே கூப்பிட்டுவிட்டார். சிவப்பு வண்டி ஏணியோடு மலையடிவாரத்தில் நின்ற படம் பத்திரிகையில் வந்தது. பதிவாளர் கூடாரம் சாரைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல், இன்னொரு தடவை அந்த வண்டி கிளம்பினால் ஷெட்டைப் பூட்டிச் சாவியை என் மேசையில் வைத்துவிடுங்கள் என்றார். பதிவாளர் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆக, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கணக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது. தொலைபேசியை எடுத்தால் வாழ்நாள் உழைப்புக்குப் பூட்டு. எடுக்காவிட்டால், மேலே என்ன நடக்கிறதோ.

என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. மழை பெய்தது, ஓடை பெருகியது, மின்னல் குழுவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு கல் கொட்டகைக்குப் போயிருப்பான். வேறு எந்த முகாமாக இருந்தாலும் கூடாரம் சார் இதைச் சத்தியம் செய்து சொல்வார். அவருக்குத் தெரியாததா? ஆனால் மனம் அந்த இடத்தில் நிற்கமாட்டேன் என்றது. கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிய, கல்லுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியாமல், அவருடைய பெரிய மழைச்சட்டை காலில் தடுக்க, ஓடையில் கால் வைக்கிற ஒரு உருவம் திரும்பத் திரும்ப வந்து நின்றது. மழைச்சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டித் தைத்துக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது.

தொலைபேசி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். யாரோ ஒரு மாணவியின் அம்மா. பிள்ளைகள் இறங்கிவிட்டார்களா என்று கேட்டார். இன்னும் இல்லை, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் கூடாரம் சார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஓடையில் தண்ணீர் எப்படி ஏறும், இடுப்பளவு வந்தால் ஆளை எப்படி இழுக்கும், ஆகவே யாரும் இறங்கமாட்டார்கள் என்று விவரமாக விளக்கினார்.

"எப்பவும் ஒரு அம்மா பேசுவாங்களே," என்றது அந்தக் குரல் கடைசியில். "அவங்ககிட்ட கொஞ்சம் குடுங்க சார். அவங்க பேசினா எனக்கு ஆறுதலா இருக்கும்."

"அவங்களும் மேலதாம்மா இருக்காங்க."

அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார். கூடாரம் சார் பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். இப்படி அழுகிறவர்களிடம் அவள் என்னதான் சொல்வாள் என்று முதல்முறையாக யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

மச்சினன் மருந்துக்கடை வைத்திருப்பவன். அக்கா ஊரில் இல்லாததால் மாமாவைக் கவனிக்கக் கடையைப் பாதி நாள் அடைத்துவிட்டு வந்திருந்தான். நல்ல மனசு, ஓட்டை வாய். அக்கா கெட்டிக்காரி, ஒன்றும் ஆகாது என்று ஆரம்பித்து, ஆனாலும் இந்த மழை சாதாரண மழையில்லை என்று நடுவில் போய், அடுத்த தெருவில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது, கடைக்கு வந்தவர் சொன்னார் என்று முடித்தான். கூடாரம் சார் அவனைத் தேநீர் போடச் சொல்லி அடுப்படிக்குத் துரத்தினார். ஒருமணி நேரத்துக்குள் மூன்று முறை துரத்தினார். குடிக்காத தேநீர்க் குவளைகள் சன்னலோரம் வரிசையாக நின்றன.

அந்தச் சன்னலிலிருந்து மலை தெரியும். அன்றைக்கு மேகம்தான் தெரிந்தது. கூடாரம் சார் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்ப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார், மறுபடி போனார். வனச்சாவடிக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். அங்கே தனியாக இருந்த காவலர், இன்னும் யாரும் வரவில்லை, ஓடை இரைகிற சத்தம் சாவடி வரைக்கும் கேட்கிறது என்றார். காவலர் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார். அந்த இரைச்சல் அதற்கப்புறம் கூடாரம் சாரின் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் மதியம் வரை. இதைச் சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! மேலே, மலையில், நாலு பேரோடு இருக்கும்போது இது ஒரு நியாயமான கெடு. கட்டுப் போட்ட காலோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், இதைப் போட்டவனுக்குப் புத்தி கெட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டால் அனுப்பினாலும் பயனில்லை. இருட்டுவதற்கு முன்னால் அனுப்பினால் ஓடைவரைக்குமாவது போவார்கள். மாணவிகள் இருக்கிறார்கள், பொறுப்பு இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய் என்று அவருக்கே தெரியும். இதே மாதிரி மழையில் எத்தனையோ குழுக்கள் மேலே தங்கியிருக்கின்றன. அப்போது ஊரில் யாராவது பதறினால் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர் அவர்.

"மாப்ள," என்று கூப்பிட்டார். "தீயணைப்பு நிலையத்து நம்பர் என்ன?"

மச்சினன் அடுப்படி வாசலில் நின்றான். "மாமா, பதிவாளர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"நம்பரைச் சொல்லுடா."

சொன்னான். அவர் கூப்பிட்டார். பெயரும் இடமும் சொல்லும்போது குரல் நடுங்கியதை மறுமுனையில் இருந்தவர்கூடக் கவனித்திருப்பார். பதற்றப்படாதீங்க சார் என்று அந்த ஆள் சொன்னபோது, கூடாரம் சாருக்கு வெட்கமாகப் போயிற்று. வைத்த கையோடு, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று மறுபடி எடுத்தார். அதற்குள் வண்டி கிளம்பியிருந்தது.

தேடப் போனவர்கள் ஓடைக்கரை வரைக்கும் போய், தாண்ட முடியாமல் திரும்பிவந்து, விடிந்ததும் பார்ப்போம் என்று சாவடியில் தங்கிவிட்டார்கள். அந்தச் சேதி வந்த பிறகு கூடாரம் சார் படுக்கப் போகவே இல்லை. பொழுது புலரும்போது மச்சினனின் காரில் பின்னிருக்கையில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே திருவிழாக் கூட்டம். சிவப்பு வண்டி, பத்திரிகைக்காரர்கள், நாலைந்து பெற்றோர்கள், சற்றுத் தள்ளி மரத்தடியில் பதிவாளரின் வெள்ளைக் கார். பதிவாளர் இவரைப் பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை. மழை விட்டிருந்தது, ஓடையின் இரைச்சலும் குறைந்திருந்தது. கூடாரம் சாரின் கண்கள் பாதையை விட்டு நகரவில்லை. இப்போதும் வராவிட்டால்? எல்லாரையும் கூப்பிட்டாயிற்று, இழக்க வேண்டியதை இழந்தாயிற்று, இனியும் வராவிட்டால் என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வெயில் ஏறத் தொடங்கியபோது மின்னல் முதலில் தெரிந்தான், அவனுக்கே உரிய அன்னநடையோடு. பின்னால் மாணவிகள், சேறும் சிரிப்புமாக. ஒரு பெண் பாடிக்கொண்டே வந்தாள். சிவப்பு வண்டியைப் பார்த்ததும் பாட்டு நின்றது. கடைசியாக நூலகத்தம்மா வந்தார். மழைச்சட்டையை இடுப்பில் கயிற்றால் கட்டி, தூக்கிச் செருகியிருந்தார். மூக்குக்கண்ணாடியையும் கழுத்தோடு ஒரு கயிற்றால் கட்டியிருந்தார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று கூடாரம் சார் நினைத்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் வண்டியைப் பார்த்தார், பதிவாளரைப் பார்த்தார், பிறகு நேராகக் காரை நோக்கி வந்தார். முகத்தில் கவலைதான் இருந்தது, அதுவும் வேறு யாருக்காகவோ.

"எந்தப் பொண்ணோட அம்மா பயந்துபோய்க் கூப்பிட்டாங்க?" என்று கேட்டார். "எங்க நிக்கறாங்க? நான் போய்ப் பேசறேன்."

"அவங்க இல்ல. நான்தான் கூப்பிட்டேன்."

"எப்போ?"

"இருட்டுறதுக்கு முன்னாடி."

"ஓடை நிறைஞ்சா கொட்டகைக்குத் திரும்பிப் போகணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. அப்படியே செஞ்சோம். மறுநாள் மத்தியானம் வரைக்கும்னு எனக்குச் சொன்னதும் நீங்கதானே."

"நீ மேல இருந்தேம்மா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நீங்க மேல இருந்தப்போ எனக்கு ஓடுச்சா?"

கூடாரம் சார் ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மழை, எத்தனை தடவை இருட்டியிருக்கு," என்றார் நூலகத்தம்மா. குரல் உயரவில்லை. "ஒரு தடவை நான் கூப்பிட்டிருந்தா அன்னிக்கே உங்க கூடாரம் காலி. அதுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதை ஒரே சாயங்காலத்துல தூக்கிக் குடுத்துட்டீங்களே."

பதிவாளர் மரத்தடியிலிருந்து இவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். நூலகத்தம்மா அவருக்காகக் காத்திருக்கவில்லை. அழுத முகத்தோடு நின்ற ஒரு தாயிடம் போய், கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு ஏதோ சொன்னார். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. என்ன சொன்னார் என்று காரிலிருந்து கேட்கவில்லை. பதிவாளர் பேச வேண்டியதைப் பேசினார். கூடாரம் சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஷெட் அந்த வாரமே பூட்டப்பட்டது.

ஊருக்குத் திரும்பும்போது நூலகத்தம்மா முன்னிருக்கையில், தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கோபம் தீர்ந்ததா இல்லையா என்று பின்னாலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ராத்திரி ரொம்பக் குளிரடித்ததா, தூக்கமே இருந்திருக்காதே என்று கூடாரம் சார் மெல்லக் கேட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

"கல்தரை. துணியெல்லாம் ஈரம். ஒரு பொண்ணு காலைத் தூக்கி என் மேல போட்டுக்கிட்டா," என்றார் நூலகத்தம்மா, பாதையைப் பார்த்தபடியே. "நல்லாத் தூங்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, கேம்ப் நடக்கிறப்போ நான் தூங்கினது இந்தத் தடவைதான்."

கார் குடியிருப்புக்குள் திரும்பியது. மச்சினன் இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்தான். கூடாரம் சார் உடனே இறங்கவில்லை.